லகுவார்தியா: மதிலுக்குள் கார் ஏன் போகக் கூடாது? நிலவறை, வரலாறு, சுற்றுவட்டாரம்

மதிலோரம் (கேள்வி)

அக்டோபர் முதல் வாரத்தில் வடக்கு ஸ்பெயின் பயணம். அதில் ரியோஹா அலவேசா ஒயின் பகுதிக்கு ஒன்றரை நாள்தான் கிடைக்கிறது. லகுவார்தியாவில் தங்குவதாக முடிவு செய்தாயிற்று. படிக்கப் படிக்கச் சந்தேகம்தான் கூடுகிறது.

மதிலுக்குள் வண்டி விடமாட்டார்களாம். தெருவுக்கு அடியில் முழுக்க நிலவறைகள், அதனால்தான் தடை என்கிறார்கள். இது உண்மையா, சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லும் கதையா? அடுத்தது, ஊர் இருப்பது பாஸ்க் நாட்டின் ஆலவா மாகாணத்தில், ஒயினின் பெயர் ரியோஹா, கோட்டையைக் கட்டியது நவார்ரா அரசன். மூன்றும் ஒரே ஊரில் எப்படிச் சேர்ந்தன? கடைசியாக, சுற்றுப்புறத்தில் பார்க்க நிறைய இருக்கும்போல் தெரிகிறது, எதை விட்டால் இழப்பில்லை? கட்டடக்கலை, தொல்லியல் இரண்டிலும் ஆர்வம் உண்டு. ஒயினைப் பொறுத்தவரை குடிப்பதைவிட அது எப்படி உருவாகிறது என்பதில்தான் கவனம்.

கல்தச்சன்

நிலவறை விஷயம் கதையல்ல. லகுவார்தியா வடக்கு தெற்காக நீண்ட ஒரு குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 635 மீட்டர். மதிலுக்குள் மூன்றே மூன்று நீளத் தெருக்கள்: சாந்தா எங்கிராசியா, மயோர், பாகனோஸ். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, ஓரத்து வீடுகளின் முதுகு மதிலோடு சேர்ந்திருக்கிறது. அகலவும் இடமில்லை, மதில் தாண்டிக் கட்டவும் முடியாது. மிச்சமிருந்தது கீழ்த்திசை மட்டும். அதனால் வீட்டுக்கு வீடு தரைக்கு அடியில் குடைந்தார்கள். இன்று 200-க்கும் மேற்பட்ட நிலவறைகளைக் கணக்கிடுகிறார்கள். உள்ளூரில் ‘கலாதோ’ அல்லது ‘குவேவா’ என்பார்கள். ஆழம் பொதுவாக 6, 7 மீட்டர். பல இடங்களில் ஒரு வீட்டின் நிலவறை பக்கத்து வீட்டையும் தாண்டித் தெருவுக்கு நேர் அடியிலேயே ஓடும்.

கனரக வண்டி தெருவில் போனால் இரண்டு கேடு. ஒன்று, மேலிருந்து வரும் பாரத்தையும் அதிர்வையும் மெல்லிய பாறைக் கூரை தாங்க வேண்டும். வளைவுக் கூரை நேர்ப் பாரத்தை நன்றாகவே தாங்கும், திரும்பத் திரும்ப வரும் அதிர்வில்தான் பாறையின் அடுக்குகள் விட்டுக்கொடுக்கும். இன்னொன்று, பீப்பாயில் படிந்த வண்டல் கலங்கும். இந்த இரண்டாவது பயம் பழையது. பக்கத்து நகரமான லோக்ரோன்யோவில் 1635-லேயே நிலவறைகளை ஒட்டிய தெருக்களில் வண்டி போகக் கூடாது என்று தடை போட்டார்கள். காரணம் இதுவேதான்: சக்கரத்தின் அதிர்வு சாற்றைக் கெடுக்கும். மோட்டார் கண்டுபிடிப்பதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்னால் போட்ட போக்குவரத்துத் தடை என்று சொல்லலாம்.

முதலில் குடைந்தது ஒயினுக்காகவா என்றால், இல்லை என்பதுதான் ஊரில் சொல்லப்படும் விளக்கம். தற்காப்பு, தானியச் சேமிப்பு, முற்றுகையின்போது பதுங்குமிடம். ஒயின் பிற்பாடு வந்து குடியேறியது. தெருவில் நடக்கும்போது வீட்டுச் சுவரின் காலடியில் கம்பி போட்ட சிறு துளைகளைப் பாருங்கள். கீழே உள்ள நிலவறை மூச்சுவிடும் வழி அது.

எல்லைக்கோடு

வரலாற்றுக் கேள்விக்கு என் பங்கு. ‘லா குவார்தியா’ என்றாலே காவல் என்று பொருள். நவார்ரா அரசின் காவல் ஊர், எதிரி பக்கத்து அரசான காஸ்தில். 1164-இல் நவார்ரா அரசன் ஆறாம் சாஞ்சோ இந்த ஊருக்கு ‘ஃபுவேரோ’ எனப்படும் உரிமைச் சாசனம் கொடுத்தான். எல்லையில் ஆள் குடியேற வேண்டுமானால் வரிச்சலுகை, நில உரிமை, தனி நீதி ஆகியவற்றைக் காட்டித்தானே அழைக்க வேண்டும், சாசனத்தின் வேலை அதுதான். அவன் மகன் ஏழாம் சாஞ்சோ காலத்தில் மதிலை வலுப்படுத்தினார்கள். மதிலுக்கு ஐந்து வாசல்கள்: சாந்தா எங்கிராசியா, கார்னிசெரியாஸ், மெர்காதால், சான் ஹுவான், பாகனோஸ்.

1461-இல் காஸ்தில் படை ஊரைப் பிடித்தது. 1486-இல் ஆலவா மாகாணத்தோடு சேர்ந்தது. அன்றிலிருந்து நிர்வாகம் அந்தப் பக்கம்தான். ‘ரியோஹா’ என்பது ஒயினுக்கான புவிசார் பெயர், அது மாகாண எல்லையைப் பார்ப்பதில்லை. லா ரியோஹா, நவார்ரா, ஆலவா மூன்றிலும் உள்ள தோட்டங்கள் அதற்குள் வருகின்றன. 1925-இல் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு, 1991-இல் ஸ்பெயினிலேயே முதல் ‘தகுதி பெற்ற’ பெயர் என்ற மேல்நிலை. ஆலவாப் பக்கத்துத் தயாரிப்பாளர்கள் சிலர் தங்களுக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று கேட்டதுண்டு. இந்த ஊரின் வரலாற்றைப் பார்த்தால் அதில் வியக்க எதுவுமில்லை.

கட்டடத்தில் ஆர்வம் என்றீர்கள். சாந்தா மரியா தெ லோஸ் ரேயேஸ் தேவாலயத்தின் வாசலை மட்டும் தவறவிடாதீர்கள். 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கிய கோதிக் கல்வாசல், இரு பக்கமும் திருத்தூதர்கள், மேலே மரியாளின் வாழ்க்கைக் காட்சிகள். இன்று தெரியும் வண்ணம் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூசியது. ஐரோப்பாவில் கோதிக் வாசல்கள் பெரும்பாலும் வெறுங்கல்லாக நிற்கின்றன, மழையும் வெயிலும் வண்ணத்தைத் தின்றுவிட்டன. இங்கே வாசலுக்கு முன்னால் கூரையும் சுவரும் எழுப்பி மூடிவிட்டதால் வண்ணம் தப்பியது. ஆனால் அதனாலேயே வெளியில் நின்றால் எதுவும் தெரியாது. சுற்றுலா அலுவலகத்தில் நேரம் கேட்டுச் சீட்டு வாங்கி, குழுவோடுதான் உள்ளே போக முடியும். சிலர் தேவாலயத்தைச் சுற்றி வந்துவிட்டு ‘பார்த்தாயிற்று’ என்று கிளம்பிவிடுகிறார்கள்.

மதிலோரம்

இருவருக்கும் நன்றி. 1635 தடை எனக்குப் புதுச் செய்தி. ஒரு துணைக்கேள்வி: அக்டோபர் முதல் வாரம் அறுவடைக் காலம்தானே? நொதித்தல் நடக்கும்போது நிலவறைக்குள் இறங்குவது ஆபத்து என்று எங்கோ பார்த்தேன். மெழுகுவர்த்தி ஏந்திப் போவார்களாம், சுடர் அணைந்தால் திரும்பிவிட வேண்டுமாம். இன்றும் அப்படியா?

நொதிப்பானை

மெழுகுவர்த்தியை நம்பாதீர்கள். கணக்கைப் பாருங்கள். நன்றாகப் பழுத்த திராட்சைச் சாறு ஒரு லிட்டர் முழுக்க நொதித்தால் ஏறத்தாழ 50 லிட்டர் கரியமில வாயு வரும். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 50 கன மீட்டர், அதாவது ஒரு நடுத்தர அறை நிறைய. அது காற்றைவிடக் கனம், படிக்கட்டு வழியாக இறங்கி நிலவறையின் அடித்தளத்தில் குளம்போல் தேங்கும். இதற்கு ஊர்ச்சொல் ‘தூஃபோ’. மெழுகுவர்த்தி அணைய வேண்டுமானால் காற்றில் கரியமில வாயு 8, 10 சதவீதம் அளவுக்கு ஏற வேண்டும். மனிதனுக்கு 4 சதவீதமே உயிருக்கு ஆபத்தான அளவு. சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே ஆள் விழலாம் என்பதுதான் இதன் பொருள். விழுந்தவரைத் தூக்கக் குனிபவர் வாயு அடர்ந்த மட்டத்துக்குத் தலையைக் கொண்டுபோகிறார். ஒரு விபத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சாவது இப்படித்தான். இப்போது வாயு அளக்கும் கருவியும் மின்விசிறியும் வைக்கிறார்கள்.

பார்வையாளர்களை அழைத்துப்போகும் நிலவறைகளில் பெரும்பாலும் பீப்பாய் முதிர்வு மட்டுமே நடக்கும், நொதிக்கும் தொட்டி கீழே இருக்காது. அதனால் உங்களுக்குப் பயமில்லை. கதவு திறந்திருக்கிறதே என்று தனியாக எந்தப் படிக்கட்டிலும் இறங்காமல் இருந்தால் போதும்.

ஒயின் எப்படி உருவாகிறது என்று கேட்டீர்கள். இந்தப் பகுதியில் இரண்டு மரபுகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. பழையது, விவசாயி தானே செய்து அந்த வருடமே விற்கும் ‘கொசெச்சேரோ’ ஒயின். கொத்தைக் காம்போடு, பழம் நசுங்காமல், ‘லாகோ’ என்னும் திறந்த கல் அல்லது சிமெண்டுத் தொட்டியில் கொட்டுவார்கள். மேல்பாரத்தில் அடியில் உள்ள பழம் நசுங்கி, அந்தச் சாறு நொதிக்கத் தொடங்கும். எழும் வாயு தொட்டியை நிறைத்து ஆக்சிஜனை வெளியே தள்ளும். அப்போது நசுங்காத பழத்துக்குள்ளேயே, ஈஸ்ட் இல்லாமல், பழத்தின் சொந்த நொதிகளால் சர்க்கரை மாறத் தொடங்கும், சுமார் 2 சதவீதம் ஆல்கஹால் வரை. புளிப்பான மாலிக் அமிலமும் குறையும். ஸ்ட்ராபெரி, வாழைப்பழம் மாதிரியான வாசனை வருவது இங்கிருந்துதான். ஒரு வாரம், பத்து நாள் கழித்து மடையைத் திறந்தால் தானாக வடிவது ‘லாக்ரிமா’, கண்ணீர். பிறகு உள்ளே இறங்கிக் கிளறி, மிதித்து எடுப்பது ‘கொராசோன்’, இதயம். மிச்சத்தை அழுத்தி எடுப்பது ‘ப்ரென்சா’. முழுப்பழத்துக்குள் சர்க்கரை பூட்டிக் கிடந்ததால் பின்னால் வருவதில் நிறமும் வலுவும் கூடுதல். அனுபவசாலிகள் நடுவில் வருவதைத்தான் தேடுவார்கள்.

இதில் கெடுவது எங்கே? தொட்டி திறந்தது, வெப்பத்தைக் கட்டுப்படுத்த வழி குறைவு. 35 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் சோர்ந்துபோகும், சர்க்கரை மிச்சமிருக்கும், அதைப் பாக்டீரியா பிடித்துக்கொள்ளும், பிறகு காடி வாசனைதான். பறிக்கும்போதே பழம் நசுங்கிவிட்டால் முறையே தோற்றுவிடும். அதனால்தான் ஆழமில்லாத சிறு கூடைகளில் பறிக்கிறார்கள்.

இரண்டாவது மரபு பிரான்சின் போர்தோவிலிருந்து வந்தது. காம்பு நீக்கி, நொதிக்கவைத்து, 225 லிட்டர் ஓக் பீப்பாயில் முதிரவைப்பது. பக்கத்து லபாஸ்தீதா ஊரில் பிறந்த மானுவேல் கின்தானோ என்ற பாதிரியார் 1780-களில் இந்த முறையைக் கற்றுவந்தார். 1795-இல் கப்பலில் கியூபா வரை அனுப்பினார், ஒயின் கெடாமல் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் நிலைக்கவில்லை. எல்லா ஒயினுக்கும் ஒரே விலை என்பது அன்றைய விதி. பீப்பாய்ச் செலவும் காத்திருப்புச் செலவும் செய்தவருக்குக் கூடுதல் காசு கிடைக்காது என்றால் யார் செய்வார்கள்? 1862-இல் ஆலவா மாகாண நிர்வாகம் ஜான் பினோ என்ற பிரெஞ்சு நிபுணரை வரவழைத்து மீண்டும் முயன்றது. ஒப்பந்தம் முடிந்ததும் பக்கத்து எல்சியேகோ ஊரில் ஒயின் ஆலை வைத்த மார்க்கேஸ் தெ ரிஸ்கால் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார். அங்கிருந்துதான் பீப்பாய் முறை வேரூன்றியது.

கல்தச்சன்

நொதிப்பானை சொன்னதோடு ஒன்று. கடையில் புட்டி வாங்கும்போது பின்பக்க முத்திரைச் சீட்டின் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் பொது வகை, அந்தக் கொசெச்சேரோ ஒயினும் அதில்தான் வரும். சிவப்பு ‘கிரியான்சா’: இரண்டு வருடம், அதில் ஒரு வருடமாவது பீப்பாய். அடர்சிவப்பு ‘ரெசெர்வா’: மூன்று வருடம், ஒரு வருடம் பீப்பாயில், புட்டியில் குறைந்தது ஆறு மாதம். நீலம் ‘கிரான் ரெசெர்வா’: ஐந்து வருடம், இரண்டு பீப்பாயில், இரண்டு புட்டியில். பச்சை மலிவு என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், அது ஒயின் காத்திருந்த காலத்தைச் சொல்லுமே தவிர தரத்தைச் சொல்லாது. தோட்டத்தின் மகசூலுக்கும் வரம்பு உண்டு: சிவப்புத் திராட்சை ஒரு ஹெக்டேருக்கு 6,500 கிலோ, வெள்ளை 9,000 கிலோ. 100 கிலோவுக்கு 70 லிட்டர் என்று வைத்தால் சிவப்பில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 6,000 புட்டிதான் வரும்.

கற்குவை

சுற்றுப்புறம் பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். தொல்லியல் ஆர்வம் இருந்தால் லகுவார்தியா ஒயினுக்கு முன்பே சுவாரசியமான ஊர்.

வடக்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் லா ஓயா. வெண்கலக் காலத்தில் தொடங்கி இரும்புக் காலத்தில் தழைத்த குடியிருப்பு, ஏறத்தாழ 4 ஹெக்டேர். தெருக்கள், கற்பலகை நடைபாதை, வீட்டு அடித்தளங்கள் வரிசையாகத் தெரியும். 1935-இல் கண்டுபிடித்தார்கள், 1973 முதல் பெரிய அகழாய்வு. கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் நடுவுக்கும் 3-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் இடையில் ஒருநாள் ஊரைத் தாக்கி எரித்துவிட்டார்கள். இறந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள், யாரும் அடக்கம் செய்யவில்லை. 2020-இல் வெளியான எலும்பாய்வு தலை வெட்டுண்ட ஆணையும், வளையலோடு கை துண்டிக்கப்பட்ட இளம்பெண்ணையும் காட்டியது. சிறு அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிட்டுத் திடலுக்குப் போங்கள். இல்லாவிட்டால் கல்வரிசை மட்டும்தான் கண்ணில் படும்.

இன்னும் பழையது சான் ஹுவான் ஆந்தே போர்தாம் லாத்தீனாம் என்ற பாறை ஒதுக்கு. 1985-இல் ஒரு வண்டிப்பாதையை அகலப்படுத்தும்போது இயந்திரம் தட்டி வெளிப்பட்டது. குறைந்தது 338 பேரின் எலும்புகள், சுமார் 5,000 ஆண்டுப் பழமை. 2023-இல் வந்த மறுஆய்வில் நாலில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் காயத் தடம் இருந்தது. அம்புமுனைகள் 52, அவற்றில் 36-இல் மோதிய சேதம். அந்த இடத்தில் இன்று பார்க்க எதுவுமில்லை, தேடிப் போக வேண்டாம். ஆலவாவின் தொல்பொருள்களைப் பார்க்க விட்டோரியாவில் உள்ள பிபாட் அருங்காட்சியகம் சரியான இடம்.

கல்திட்டைகளில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் எல்வில்யார் ஊரை ஒட்டிய ‘சபோலா தெ லா எச்சிசேரா’. சூனியக்காரியின் குடிசை என்று பொருள். ஒன்பது செங்குத்துக் கற்களாலான அறை, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, பின்னணியில் மலைச்சுவர். நம்மூர்க் கல்திட்டைகளில் நான்கு பலகை, மேலே ஒரு மூடுகல் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பலகோண அறையும் நுழைவு நடையும் வேறு அமைப்பாகத் தெரியும்.

அந்த மலைச்சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சியெரா தெ கந்தாப்ரியா வடக்கிலிருந்து வரும் அட்லாண்டிக் ஈரக்காற்றைத் தடுக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் பச்சை, இந்தப் பக்கம் மழை குறைவு, வெயில் கூடுதல். டெம்ப்ரனில்யோ என்ற சிவப்புத் திராட்சை இங்கே பழுப்பது இந்தச் சுவரால்தான். விட்டோரியாவிலிருந்து எர்ரேரா கணவாய் வழியாக வந்தால் ‘ரியோஹாவின் மாடம்’ என்ற காட்சிமுனை வரும். எப்ரோ பள்ளத்தாக்கு முழுவதும் அங்கிருந்து விரியும். மேகம் மலைமேல் திரைபோலத் தொங்கி, இந்தப் பக்கம் இறங்காமலே கரைவதையும் காணலாம்.

ஊருக்கு அருகே உள்ள ஏரிகளை அக்டோபரில் விட்டுவிடலாம். கர்ராலோக்ரோன்யோ, கர்ராவால்செகா இரண்டும் வெளியேற வழியில்லாத உப்பு ஏரிகள், 1996 முதல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில். கோடை கழிந்த உடனே போனால் பெரும்பாலும் வெள்ளைப் பூத்த தரைதான். தண்ணீரும் பறவையும் வேண்டுமென்றால் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் வர வேண்டும்.

எல்லைக்கோடு

ஆரோ நகருக்குப் போவதா என்று யோசிப்பீர்கள். 25 கிலோமீட்டர் மேற்கே. அங்கே வரலாறு வேறு: 1860-களில் ரயில் வந்தது, பிரான்சில் ஃபில்லோக்செரா பூச்சி கொடிகளை அழித்தபோது பிரெஞ்சு வியாபாரிகள் ஒயின் தேடி வந்தார்கள், நிலையத்தைச் சுற்றியே லோபெஸ் தெ எரேதியா (1877), கூனே (1879) போன்ற ‘போதேகா’ எனப்படும் ஒயின் ஆலைகள் எழுந்தன. லகுவார்தியா மதிலால் உருவான ஊர், ஆரோவின் ஒயின் பேட்டை தண்டவாளத்தால் உருவானது. ஒன்றரை நாளில் இரண்டையும் திணித்தால் இரண்டுமே அரைகுறையாகும். என் பரிந்துரை ஆரோவை விடுங்கள் என்பதே.

மதிலோரம்

அப்படியென்றால் ஆரோ வேண்டாம், ஏரி வேண்டாம். கட்டடக்கலைஞர்கள் கெரி, கலத்ராவா இருவரின் கட்டடங்களும் பக்கத்தில்தான் என்கிறார்கள், அவற்றை எங்கே நுழைப்பது? கார் இல்லை, லோக்ரோன்யோவிலிருந்து பேருந்தில்தான் வருகிறேன்.

கற்குவை

லோக்ரோன்யோ 20 கிலோமீட்டருக்கும் குறைவு, விட்டோரியா போகும் பேருந்து லகுவார்தியாவில் நிற்கும். வார இறுதியில் வண்டிகள் குறையும், திரும்பும் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

சன்தியாகோ கலத்ராவா கட்டிய இசியோஸ் போதேகா (2001) நடந்துபோகும் தூரம், ஊருக்கு வடக்கே. அதன் அலைக்கூரை பின்னால் உள்ள மலையின் விளிம்பை ஒத்துப் போவது தூரத்திலிருந்துதான் புரியும். அதனால் லா ஓயா போகும் காலையிலேயே அதையும் சேர்த்துவிடுங்கள். ஃபிராங்க் கெரியின் டைட்டானியம் தகட்டு ஓட்டல் (2006) எல்சியேகோவில், ரிஸ்கால் வளாகத்துக்குள். ஆறேழு கிலோமீட்டர், டாக்சி சொல்லிவிடலாம். அருகில் போக முன்பதிவு வேண்டும், ஊர்ப்பக்கமிருந்து பார்க்க எதுவும் வேண்டாம்.

நேரம் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மதியத்துக்குமேல் வந்தால் எல்சியேகோ, மாலையில் மதிலைச் சுற்றிய கொல்யாதோ நடைபாதை. அங்கே நீதிக்கதைக் கவிஞர் சமானியேகோவின் சிலை இருக்கும், 1745-இல் இந்த ஊரில் பிறந்தவர். மறுநாள் 10 மணிக்கு லா ஓயா, திரும்பி வந்து தேவாலய வாசல், பிறகு நிலவறை. 12 மணிக்குப் பெரிய சதுக்கத்தில் நின்றால் நகர்மன்றக் கடிகாரத்திலிருந்து பொம்மைகள் வெளிவந்து ஆடும். இரண்டு மணிக்குச் சாப்பாடு, அதற்கு முன்னால் சமையலறை திறக்காது, நாலு மணிக்குப் பிறகு மூடிவிடும். வெட்டிய திராட்சைக் குச்சியின் தணலில் சுட்ட ஆட்டு விலாத்துண்டு கேளுங்கள். அந்தக் குச்சி சடசடவென்று எரிந்து அடங்கிவிடும், தணலின் சூடு போவதற்குள் மெல்லிய துண்டு வெந்துவிடும், தடித்த துண்டுக்கு ஆகாது.

நொதிப்பானை

இரண்டு சேர்க்கை. திங்கட்கிழமை வரும்படி வைக்காதீர்கள், அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும். அறுவடை வாரத்தில் குடும்பம் நடத்தும் சிறு போதேகாக்கள் பார்வையாளரை எடுப்பதே இல்லை, எல்லாரும் தோட்டத்தில் இருப்பார்கள். முன்னதாக எழுதிக் கேட்டு, எந்த மொழியில் விளக்கம் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். நிலவறைக்குள் வருடம் முழுக்க 12 முதல் 14 டிகிரிதான், வெளியே 25 இருந்தாலும் ஒரு கம்பளிச் சட்டை கையில் இருக்கட்டும். படிகள் ஈரம் கசிந்து வழுக்கும், தோல் அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டாம்.